வெள்ளியன்று புறப்பட்டுத் திங்களன்று திரும்பும் கப்பல்

மூன்று இரவோ நான்கு இரவோ கடலில் கழித்துவிட்டு, ஏறிய துறைமுகத்திலேயே வந்து இறங்கும் சொகுசுக் கப்பல் பயணம் இன்று பல நாடுகளில் நடக்கும் பெரிய வணிகம். திருமண நாளை ஒட்டி விடுப்பு எடுத்தவர்கள், புதுமணத் தம்பதிகள், பிள்ளைகளைப் பெரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நாலு நாள் மூச்சுவிட வருபவர்கள் என்று இதில் ஏறுபவர்களில் பலர் இருவர் இருவராகவே வருகிறார்கள். கேபின் கட்டணமும் இருவர் தங்குவதாக வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. தனியாக வருபவர் பெரும்பாலும் இரண்டாவது ஆளின் பங்கில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். பணக்காரர்களின் நீண்ட கடற்பயணத்தை நறுக்கிச் சிறிதாக்கியதில் இந்த வழக்கம் பிறந்துவிடவில்லை. வேலையிழந்த கப்பல்களுக்குப் பிழைப்புத் தேடியதில் பிறந்தது. அமெரிக்கச் சட்டங்கள் சிலவும், மயாமி நகரம் இருக்கும் இடமும், வாரத்துக்கு ஏழு நாள் என்ற கணக்கும் அதற்கு வடிவம் கொடுத்தன.

உல்லாசத்துக்கென்று கப்பல் ஓட்டும் எண்ணம் வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்தில் முளைத்தது. ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் பயணிகள் குறைந்து தம் புதிய கப்பல்கள் சும்மா நிற்பதைப் பொறுக்க மாட்டாமல், 1891 ஜனவரி 22 அன்று ‘அகுஸ்தா விக்டோரியா’வை ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபனிலிருந்து மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த அந்தப் பயணத்தில் 241 பேர் சென்றனர். உல்லாசத்துக்காகவே கட்டப்பட்ட ‘பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸ’ 1900-இல் நீரில் இறக்கப்பட்டது. 1906 டிசம்பரில் ஜமைக்கா கரையருகே தரைதட்டி அழிந்தது. இவையெல்லாம் பணமும் பொழுதும் ஒருசேர வாய்த்தவர்களுக்கானவை. வாரச் சம்பளக்காரருக்கு இரண்டு மாத விடுப்பு யார் கொடுப்பார்?

குறுகிய பயணத்துக்கு வழி திறந்தது மதுவிலக்கு. அமெரிக்காவில் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அது 1933 டிசம்பர் வரை நீடித்தது. நாட்டின் கடல் எல்லைக்குள் மது விற்க முடியாது. எல்லையைத் தாண்டிவிட்டால் பிரிட்டிஷ் கொடியுள்ள கப்பலைத் தடுக்கும் அதிகாரம் அமெரிக்கச் சட்டத்துக்கு இல்லை. எனவே நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, எந்த ஊரையும் தொடாமல், கடலில் இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்கள் தோன்றின. துறையில் நிற்கும்போது முத்திரை வைத்துப் பூட்டியிருந்த மதுக்கூடம் எல்லைக்கு வெளியே திறக்கும். போய்ச் சேர ஓர் ஊர் இல்லாமல், கப்பலில் இருப்பதையே விற்ற முதல் பெரும் வணிகம் இது எனலாம். இன்றும் ‘எங்கும் போகாத பயணம்’ என்ற வகை உலகம் முழுக்க ஓடுகிறது. அதன் வேர் இங்கேதான்.

கப்பல் நிறுவனங்களுக்கும் அப்போது வேறு போக்கு இல்லை. 1921, 1924 ஆண்டுகளின் குடியேற்றச் சட்டங்கள் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வருவோரை வெகுவாகக் குறைத்துவிட்டன. அடித்தளத்தில் நெருக்கியடித்து வந்த ஏழைக் குடியேறிகளின் கட்டணமே அந்த மாபெரும் கப்பல்களைத் தாங்கியிருந்தது. 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தம் மிச்சமிருந்த பயணிகளையும் குறைத்தது. டைட்டானிக்கின் மூத்த உடன்பிறப்பான ‘ஒலிம்பிக்’ 1930-களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குக் கோடைகாலக் குறும்பயணங்கள் போனது. பேரரசர்களையும் கோடீஸ்வரர்களையும் சுமக்கக் கட்டப்பட்ட ‘பெரங்கேரியா’விலும் மலிவுக் கட்டணப் பயணங்கள் ஓட்டப்பட்டன. அலுவலக எழுத்தர்களும் பள்ளி ஆசிரியர்களும் முதல்வகுப்பு உணவுக்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது இப்படித்தான்.

அமெரிக்காவின் தென்கோடியில் கதை வேறு மாதிரி நடந்தது. மயாமியிலிருந்து கியூபாவின் தலைநகர் ஹவானா ஓர் இரவுத் தொலைவு. 1931-இல் கட்டப்பட்ட ‘ஃபுளோரிடா’ என்ற கப்பல் அந்த வழியில் பல்லாண்டுகள் ஓடியது. மாலையில் ஏறி, இரவு நடனமாடி, காலையில் ஹவானாவில் இறங்கலாம். 1959-இல் கியூபப் புரட்சி வென்றதும் அந்தக் கதவு மெல்ல மூடியது. கப்பல் இருந்தது, பயணிகள் இருந்தார்கள், போக ஊர்தான் இல்லை. ‘ஃபுளோரிடா’ வேறு திசையில் திரும்பி, பகாமாஸ் தீவுகளின் தலைநகர் நாசோவுக்கு ஓடத் தொடங்கியது.

நாசோ ஏன் வாய்ப்பாக அமைந்தது என்பதற்கு நிலப்படத்தோடு சட்டப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். 1886-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, அயல்நாட்டுக் கப்பல்கள் ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் கப்பல் கட்டுவதும் அமெரிக்க மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுப்பதும் மிகுந்த செலவு என்பதால் இந்தத் தொழிலில் இறங்கியவர்கள் பனாமா, லைபீரியா, நார்வே கொடிகளையே நாடினார்கள். அப்படிப்பட்ட கப்பல் ஊர் சுற்றிக்காட்ட வேண்டுமென்றால் ஓர் அயல்நாட்டுத் துறைமுகம் அருகில் இருந்தாக வேண்டும். மயாமியிலிருந்து ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவில், அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில், குளிரே அறியாத நாசோ இருந்தது.

தொலைவு குறைவு என்பதால் கப்பல் விரைய வேண்டிய தேவையும் இல்லை. ஓர் இரவு முழுவதும் நிதானமாகப் போனால் எரிபொருள் மிச்சம்; பயணிக்கும் கடலில் கூடுதல் நேரம் கிடைக்கும். வெள்ளி மாலை புறப்பட்டால் திங்கள் காலை திரும்பலாம்: மூன்று இரவு. அன்று மாலையே வேறு பயணிகளோடு புறப்பட்டால் வெள்ளி காலை மீண்டும் மயாமி: நான்கு இரவு. மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. ஒரு கப்பலின் வாரம் முழுவதும், ஓர் இரவுகூட வீணாகாமல் நிரம்பிவிடுகிறது. வார இறுதியை விட்டால் வேறு நாள் இல்லாதவருக்கு முதல் பயணம். வார நடுவில் விடுப்பு எடுக்கக்கூடியவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் இரண்டாவது. அறுபது ஆண்டுகளாகியும் இந்தக் கணக்கு மாறவில்லை. கப்பல் ஊழியருக்கோ, வாரத்துக்கு இரண்டு முறை எல்லாப் படுக்கைகளையும் மாற்றி, கப்பலைக் காலிசெய்து, மறுபடி நிரப்பும் ஓயாத வேலை என்பதே இதன் பொருள்.

1960-களின் முற்பகுதியில் இந்த வழியில் ஓடிய கப்பல்களில் பல வயதானவை. வேறு இடத்தில் வேறு வேலைக்குக் கட்டப்பட்டு, அங்கே தேவை முடிந்ததும் வெள்ளையடித்து மயாமிக்கு அனுப்பப்பட்டவை. கட்டணம் மலிவாக இருந்ததற்கு அதுவே காரணம். அந்த மலிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை ‘யார்மவுத் காஸில்’ காட்டியது.

1927-இல் பிலடெல்ஃபியாவில் ‘எவாஞ்சலின்’ என்ற பெயரில் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் மேற்கட்டுமானத்தில் மரம் மிகுதி. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய வண்ணப்பூச்சு வேறு. 1965 நவம்பர் 12 மாலை 376 பயணிகளோடும் 176 ஊழியர்களோடும் மயாமியிலிருந்து நாசோவுக்குப் புறப்பட்டது. முதியோர் சங்கம் ஒன்றிலிருந்து குழுவாக வந்தவர்களும், கணவன் மனைவியாக வந்தவர்களும் அதில் பலர். நள்ளிரவுக்குப் பின் 610-ஆம் எண் அறையில் தீப்பிடித்தது. யாரும் தங்காத அந்த அறையில் பழைய மெத்தைகள் விளக்கைத் தொடுமளவு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தானாக நீர் தெளிக்கும் குழாய் அந்த அறைக்கு இல்லை. மரப் படிக்கட்டுகள் வழியே தீ மேலேறியது. கம்பியில்லாத் தந்தி அறை எரிந்துபோனதால் உதவி கேட்டுச் செய்தி அனுப்பவே முடியவில்லை. ஜன்னல்கள் துருவேறித் திறக்க மறுத்தன. படகு இறக்கும் கப்பிகளில் வண்ணப்பூச்சு இறுகிக் கயிறு ஓடவில்லை. உயிர்காப்புப் படகுகளில் பாதிகூட நீரைத் தொடவில்லை.

முன்னே போய்க்கொண்டிருந்த ‘ஃபின்பல்ப்’ என்ற ஃபின்லாந்துச் சரக்குக் கப்பல் திரும்பிப் பார்த்துத் தீயைக் கண்டு விரைந்து வந்தது. பின்னால் வந்த ‘பகாமா ஸ்டார்’ என்ற இன்னொரு உல்லாசக் கப்பலும் நெருங்கியது. ‘ஃபின்பல்ப்’பை முதலில் அடைந்த படகில் பயணிகள் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள்; எரியும் கப்பலின் கேப்டனும் ஊழியர்களும் அதிலிருந்தார்கள். சரக்குக் கப்பலின் கேப்டன் ஜான் லேட்டோ அவர்களைத் திரும்பிப் போய் மற்றவர்களை மீட்கச் சொன்னார். காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் ‘யார்மவுத் காஸில்’ மூழ்கியது. இறந்தவர்கள் 90 பேர். அவர்களில் ஊழியர்கள் இருவர் மட்டுமே. இந்த ஒரு விகிதம் சொல்லும் செய்தியை எந்த விசாரணை அறிக்கையும் இதைவிட உரக்கச் சொல்லிவிட முடியாது. மீட்டவர்கள் இல்லையென்றால் எண்ணிக்கை பல மடங்காகியிருக்கும். தன் படகுகளை எரியும் கப்பலின் பக்கவாட்டுக்கே அனுப்பி நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிய ‘பகாமா ஸ்டார்’ மாலுமிகளின் துணிவு இந்தத் தொழிலின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஒன்று.

அமெரிக்க நாடாளுமன்றம் 1966 நவம்பரில் புதிய சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றும் எந்தக் கொடிக் கப்பலும் தீப்பாதுகாப்புத் தரத்தை எட்டியாக வேண்டும். விபத்துக்கும், பயணம் நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பித் தருவதற்கும் முன்கூட்டியே பொறுப்புத் தொகை காட்ட வேண்டும். கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. மரம் மிகுந்த பழங்கப்பல்களின் காலம் அத்தோடு முடிந்தது. 1931-இல் கட்டப்பட்ட ‘பகாமா ஸ்டார்’ அந்த விதிகளைத் தாண்ட முடியாமல் 1968-இல் பணியிலிருந்து விலகியது. ‘லா ஜெனெல்’ என்று பெயர் மாறி, 1970-இல் கலிஃபோர்னியாவின் ஹியூனிமி துறையருகே புயற்காற்றில் கரை ஒதுங்கிச் சிதைந்தது.

புதிய சட்டம் வந்த சில வாரங்களில், 1966 டிசம்பர் 19 அன்று, ‘சன்வார்ட்’ மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது. இன்றைய குறும்பயண வணிகத்தின் தொடக்கமாக இந்த நாளையே பலர் குறிக்கிறார்கள். அதன் பின்னணி தற்செயல்களால் ஆனது. நார்வேக்காரரான க்னூட் க்ளோஸ்டர் அந்தப் புத்தம்புதுக் கப்பலைக் கட்டியது பிரிட்டனிலிருந்து ஜிப்ரால்டருக்குக் காரும் ஆளும் ஏற்றிச் செல்ல. ஆனால் 1966-இல் பிரிட்டிஷ் அரசு, வெளிநாடு போகிறவர்கள் 50 பவுண்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. ஜிப்ரால்டர் குறித்து ஸ்பெயினோடு தகராறும் முற்றியது. கப்பலில் ஆளில்லை. அதே நேரத்தில் மயாமியில் டெட் ஆரிசன் என்பவர் எதிர்மாறான சிக்கலில் இருந்தார். அவர் நடத்திவந்த கப்பல், உரிமையாளரின் பணச் சிக்கலால் கைநழுவிப் போயிருந்தது. முன்பதிவு செய்த பயணிகள் மட்டும் இருந்தார்கள். ஆஸ்லோவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் இருவருக்கும் வழி பிறந்தது.

‘சன்வார்ட்’ ஏறத்தாழ 8,700 டன் கொண்ட, 500 பேருக்குச் சற்று மேல் தங்கக்கூடிய கப்பல். கார்களுக்கென்று கட்டிய அடித்தளம் இருந்ததால் நாசோவுக்குச் சரக்கும் ஏற்றிச் சென்றது, அதுவும் வருமானம். அதைவிட முக்கியமானது, குளிர்காலம் மட்டுமின்றி ஆண்டு முழுவதும் அது ஓடியது. மூன்று நாள், நான்கு நாள் என்று முறை மாறாமல் வாரம்தோறும் புறப்பாடு. பேருந்து போல நாள் தவறாமல் கிளம்பும் ஒரு கப்பல் இருந்ததால்தான், கடலையே பார்த்திராத உள்நாட்டு ஊர்க்காரர்கூட மாதங்களுக்கு முன்பே நாள் குறித்து விடுப்பு கேட்க முடிந்தது. 1968-இல் ‘ஸ்டார்வார்ட்’, அடுத்த ஆண்டு ‘ஸ்கைவார்ட்’ என்று கூட்டாளிகளின் நிறுவனம் வளர்ந்தது. பிறகு இருவரும் மனம் கசந்து பிரிந்தார்கள். ஆரிசன் 1972-இல் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கி, ‘எம்ப்ரஸ் ஆஃப் கனடா’ என்ற பழைய அட்லாண்டிக் கப்பலை வாங்கி ‘மார்டி க்ரா’ என்று பெயரிட்டார். முதல் பயணத்திலேயே அது மயாமி கடற்கரைக்கு எதிரே மணல் திட்டில் சிக்கி நின்றது. அந்த நிறுவனம்தான் பிற்பாடு உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனமாகியது.

இந்த ஆண்டுகளில்தான் இருவருக்கான கேபின் இலக்கணமாக நிலைபெற்றது. பழைய கடற்பயணக் கப்பல்களில் மலிவு வகுப்பு என்றால் ஓர் அறையில் மூன்று நான்கு படுக்கைகள். முன்பின் தெரியாதவர்களோடு தங்க வேண்டும். கழிப்பறை நடைபாதையின் கோடியில். முகம் தெரியாத பயணிகளை அடைக்கும்போது ஆணையும் பெண்ணையும் பிரித்துப் போட்டதால், கணவனும் மனைவியும் வெவ்வேறு அறையில் படுத்துக் கடல் கடந்ததும் உண்டு. 1970-இல் வந்த ‘சாங் ஆஃப் நார்வே’ போன்ற கப்பல்கள் வகுப்புப் பிரிவை நீக்கி, எல்லோருக்கும் குளியலறையோடு கூடிய சிற்றறைகளைக் கொடுத்தன. அறை என்றால் சுமார் 120 சதுர அடிதான். பகலில் ஒரு படுக்கை சாய்விருக்கையாக மாறும். மற்றொன்று சுவருக்குள் மடியும். இரவில் பணியாள் வந்து இரண்டையும் விரித்துவிட்டுப் போவார். இரண்டு படுக்கைகளையும் ஒட்டிப்போட்டு ஒன்றாக்கும் வசதி பிறகே பரவியது. அறை சிறிதாக இருந்தது கஞ்சத்தனத்தால் மட்டுமல்ல. பயணிகள் மேல்தளத்திலும் உணவுக்கூடத்திலும் மதுக்கூடத்திலும் பொழுதைக் கழித்தால்தான் கப்பலுக்கு வருமானம். சூதாட்டக் கூடமும் அப்படியே. துறையில் நிற்கும்போது மூடியிருக்கும், கடல் எல்லை தாண்டியதும் திறக்கும்.

கப்பல் பயணத்தைக் காதலோடு சேர்த்து மனதில் பதித்தது தொலைக்காட்சி. 1977-இல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டு ஓடிய ‘தி லவ் போட்’ தொடர், ‘பசிபிக் பிரின்ஸெஸ்’ என்ற உண்மைக் கப்பலைக் களமாகக் கொண்டது. வாரம்தோறும் புதிதாகச் சிலர் ஏறுவார்கள், மனம் சேர்வார்கள் அல்லது பிரிந்தவர்கள் கூடுவார்கள். கப்பல் என்றால் வயதான செல்வந்தர்கள் என்றிருந்த எண்ணத்தை எந்த விளம்பரமும் இவ்வளவு விரைவாக மாற்றியதில்லை. கப்பலிலேயே திருமணம் செய்துகொள்ளும் ஆசையும் வளர்ந்தது. 1998-இல் வந்த ‘கிராண்ட் பிரின்ஸெஸ்’ திருமணக் கூடத்தோடேயே கட்டப்பட்டது. குனார்ட் நிறுவனம் 2011-இல் தன் கப்பல்களின் பதிவைப் பிரிட்டனிலிருந்து பெர்முடாவுக்கு மாற்றியதற்கு, கேப்டன் நடத்திவைக்கும் திருமணம் அங்கே சட்டப்படி செல்லும் என்பதும் ஒரு காரணம்.

கரையில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாசோவில் கப்பல் நிற்கும் பிரின்ஸ் ஜார்ஜ் துறையிலிருந்து கடைத்தெருவான பே வீதி சில நிமிட நடை. ஓலையில் முடைந்த கூடை, தொப்பி, பை விற்கும் பெண்களின் சந்தை அங்கேதான். சற்று மேலே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அடிமைகள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து வெட்டிய ராணியின் படிக்கட்டு. துறைக்கு எதிரே இருந்த பன்றித் தீவு 1960-களில் சொர்க்கத் தீவு என்று பெயர் மாற்றப்பட்டு விடுதிகளும் சூதாட்டமுமாக வளர்ந்தது. பகாமாஸ் 1973 ஜூலை 10 அன்று விடுதலை பெற்றபோது, அதன் பொருளாதாரம் ஏற்கெனவே சுற்றுலாவையே பெரிதும் நம்பியிருந்தது. ஆனால் உணவும் உறக்கமும் கப்பலிலேயே முடிந்துவிடும் பயணி கரையில் செலவழிப்பது குறைவு. 1977-இல் க்ளோஸ்டரின் நார்வேஜியன் நிறுவனம் கிரேட் ஸ்டிரப் கே என்ற சிறு தீவைத் தானே வாங்கிப் பயணிகளை அங்கே இறக்கத் தொடங்கியதும், மற்ற நிறுவனங்களும் தீவு தேடின. மணற்பரப்பு, சாய்வு நாற்காலி, மதிய உணவு எல்லாமே கப்பல்காரருடையது. பயணிக்கு அது வசதி. தீவுக்காரர்களுக்கு அது இழப்பு. இந்தக் குறையை அவர்கள் இன்றுவரை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

குறும்பயணத்துக்குப் பழைய கப்பலே போதும் என்ற வழக்கம் 1990-இல் உடைந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கார்னிவலின் 70,000 டன் ‘ஃபேண்டஸி’ புதிதாக வந்து நேரே மூன்று, நான்கு நாள் பயணங்களில் இறங்கியது. ஜூனில் ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ வந்தது. பிரான்ஸின் சாந் நசேரில் கட்டப்பட்ட இது 48,563 டன்; 211 மீட்டர் நீளம்; இருவருக்கு ஓர் அறை என்ற கணக்கில் 1,600 பேர் தங்கலாம். குறும்பயணம் என்ற ஒரே வேலைக்காகத் திட்டமிடப்பட்ட முதல் கப்பல்களில் ஒன்று என்பதை அதன் வரைபடத்திலேயே காணலாம். மூன்று நாளுக்கு வருபவர் பெட்டி நிறையத் துணி கொண்டுவருவதில்லை. அதனால் சாதாரண அறைகள் 130 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. மிச்சப்பட்ட இடம் பல தளங்களை ஊடுருவி நிற்கும் கண்ணாடி முற்றத்துக்கும், இரண்டு தள உணவுக்கூடத்துக்கும், பெரிய சூதாட்டக் கூடத்துக்கும் போனது. ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் பயணி வியந்தாக வேண்டும்; மெதுவாகப் பழகிக்கொள்ள அவருக்கு நாளில்லை.

மற்ற கடல்களில் இதே வழக்கம் வேறு காரணங்களால் வேரூன்றியது. பால்டிக் கடலில் ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் இடையே ஓர் இரவு ஓடும் கப்பல்களைத் தாங்கியது வரியில்லா மது. ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்கிடையே வரியில்லா விற்பனையை 1999-இல் நிறுத்தியபோது, வரி விலக்குப் பெற்ற ஓலாந்து தீவுகளில் கப்பல்கள் சற்று நேரம் நின்று செல்லத் தொடங்கின. சிங்கப்பூரில் மலேசியாவின் கெந்திங் குழுமம் 1993-இல் ஸ்டார் குரூஸஸைத் தொடங்கியதும் பால்டிக்கில் ஓடிய இரண்டு கப்பல்களை வாங்கித்தான். 1999-இல் வந்த ‘சூப்பர் ஸ்டார் விர்கோ’ சிங்கப்பூர் சுற்றுலாவோடு சேர்த்து இந்தியத் தேனிலவுத் தம்பதிகளுக்கு விற்கப்பட்டது. அதே நிறுவனத்தின் ‘சூப்பர் ஸ்டார் லிப்ரா’ 2005-இல் மும்பையைத் தளமாகக் கொண்டு ஓடியது.

தமிழ்நாட்டுக்குக் கடற்பயணம் புதிதல்ல; உல்லாசக் கடற்பயணம்தான் புதிது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பின் 1973 முதல் ‘எம்.வி. சிதம்பரம்’. திறந்த தளத்தில் பாய் விரித்து, கட்டுச்சோற்றோடு போனவர்கள் தோட்ட வேலைக்கும் கடை வேலைக்கும் போனார்கள். பலருடைய மனைவிமார் ஊரில் காத்திருந்தார்கள். 1985-இல் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ப்பலி கொண்டபின் ‘சிதம்பரம்’ நின்றது. விமானம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான பயணிகள் கப்பல் முடிவுக்கு வந்தது.

மயாமியின் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ இங்கே வந்து சேர முப்பதாண்டு ஆனது. 2004-இல் ‘எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்’ என்று பெயர் மாறியது. 2008-இல் ஸ்பானிய நிறுவனமான புல்மாந்தூருக்குப் போய், 2016-இல் ராயல் கரீபியனுக்கே திரும்பியது. 2017 முதல் ஹவானாவுக்கு ஓடியது. ‘ஃபுளோரிடா’ இழந்த துறைமுகம் திரும்பக் கிடைத்ததுபோல் இருந்த அந்த வாய்ப்பை, 2019 ஜூனில் அமெரிக்க அரசு மறுபடி மூடியது. கொரோனா பெருந்தொற்றில் உலகின் சொகுசுக் கப்பல்கள் அத்தனையும் நின்றன. ‘எம்ப்ரஸ்’ பிறந்த அதே 1990-இல் பிறந்த ‘ஃபேண்டஸி’ 2020-இல் துருக்கியின் அலியாகா உடைப்புத் துறைக்குப் போனது. ‘எம்ப்ரஸ்’ தப்பியது. இந்தியாவின் கார்டிலியா குரூஸஸ் அதை வாங்கி 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓட்டத் தொடங்கியது.

சென்னையிலிருந்து அதன் முதல் பயணத்தை 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். எந்தத் துறையையும் தொடாமல் ஆழ்கடலைச் சுற்றிவரும் இரண்டிரவுப் பயணமும், விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று நீளும் பயணமும் திட்டத்தில் இருந்தன. அமெரிக்காவைப் போலன்றி, அயல்நாட்டுக் கொடியுள்ள சொகுசுக் கப்பல்கள் உள்நாட்டுத் துறைமுகங்களுக்கிடையே பயணிகளை ஏற்ற இந்திய அரசு விலக்கு அளித்துவந்ததால் இது முடிந்தது. புதுச்சேரியில் கப்பலின் சூதாட்டக் கூடத்தைக் காட்டி எதிர்ப்புக் கிளம்பியது. பயணிகளைக் கரையிறக்க அனுமதி கிடைக்கவில்லை. ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பருவமழை. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் மும்பையிலிருந்து ஓட்டுவது கடினம். அப்போது கிழக்குக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும்.

அடுத்த ஆண்டு ஜூன் 5 அன்று கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றும் பயணத்தில் இருந்தன. போர்க்காலத்தில் பொதுப் பயணிகளுக்கு மூடிக்கிடந்த காங்கேசன்துறைக்கு ஜூன் 16 அன்று அது வந்தபோது, அங்கே கட்டிய புதிய பயணியர் முனையமும் திறக்கப்பட்டது. இறங்கியவர்கள் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பினார்கள். உறவைப் பார்க்கவும் வணிகத்துக்கும் போகிறவர்களுக்கான நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணியர் படகு, அதற்கு நான்கு மாதங்களுக்குப் பின், 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியது.